மூன்று விரல் உப்பு

போன வாரம் டாக்டர் எனக்கு உப்பை நிறுத்திவிட்டார். அடியோடு நிறுத்தவில்லை, "பாதியாக் குறைங்க சார், இலையில தொட்டுக்கறதே கூடாது" என்றார். மரக்காணத்தில் பிறந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? வீட்டுக்கு வந்ததும் என் மனைவி செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய் உப்புக் குப்பியைத் தூக்கினாள். அவள் கை குப்பியில் பட்டதுதான் தாமதம், என் முதுகு தானாக நிமிர்ந்தது, குதிகால்கள் ஒன்றுசேர்ந்தன, வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"சார், தி சால்ட் இஸ் அட் ஹிஸ் போஸ்ட், சார்! ஹி இஸ் ட்ரை, ஹி இஸ் வைட், ஹி ஸ்டாண்ட்ஸ் த்ரீ ஃபிங்கர்ஸ் ஹை டுநைட், சார்!"

"ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி. குப்பியைக் கொண்டுபோய் எனக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வந்தாள். "உங்க சாரைப் பரண்ல ஏத்திட்டேன். எறங்கி வந்து சாப்பிடுங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று காலையில்தான் பேங்கிலிருந்து வந்த ஓடிபியை, போனிலிருந்து கம்ப்யூட்டர் பக்கம் தலையைத் திருப்புவதற்குள் மறந்து மறந்து, கடைசியில் கணக்கையே பூட்டவைத்திருந்தேன். ஆறே ஆறு எண்கள். அவை நிற்காத மண்டையில், மீசை அரும்பிய வயதில் திணித்த ஓர் அசட்டு ஆங்கிலப் பாட்டு அட்சரம் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது. மூளை என்று ஒன்றைக் கொடுத்த கடவுள் அதற்கு ஒரு குப்பைத் தொட்டியும் கொடுத்திருக்கலாம்.

பாட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில், கடற்படையில் அதிகாரி ஆவதற்காக மேற்குக் கடற்கரையில் ஒரு பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தேன். அங்கே சாப்பாட்டு மேசையின் கோடியில் புதுப் பையன்கள் உட்கார வேண்டும். மறுகோடியில் சீனியர். அவருக்குத் தோன்றும்போது "ஹௌ இஸ் தி சால்ட்?" என்று ஒரு சத்தம் போடுவார். உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் இருக்கிற துரதிர்ஷ்டசாலி வாயிலிருப்பதை விழுங்கிவிட்டு, எழுந்து விறைத்து நின்று, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நான் மேலே சொன்னதைச் சொல்ல வேண்டும். உப்பு தன் காவலில் நிற்கிறது ஐயா, காய்ந்திருக்கிறது, வெளுத்திருக்கிறது, இன்றிரவு மூன்று விரல் உயரம் நிற்கிறது ஐயா என்று அர்த்தம். குப்பியில் இரண்டு விரல்தான் மிச்சமிருந்தால் இரண்டு என்று மாற்றிச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அதில் மாறலாம். இதை யார் ஏற்படுத்தினார்கள், எதற்கு என்று கேட்டால் அதற்குத் தனியாக மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

உப்பு ஒன்று மட்டுமா? சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு நீலப் புத்தகம் கொடுத்தார்கள். கப்பலின் உறுப்புகள், கொடிகளின் பெயர்கள், பதவிகளின் வரிசை, இடப்பக்கம் போர்ட், அதற்குச் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் ஸ்டார்போர்ட், அதற்குப் பச்சை விளக்கு. படகில் பெரிய அதிகாரி கடைசியில் ஏறுவார், முதலில் இறங்குவார். கப்பலில் விசிலடிக்கக்கூடாது. எல்லாம் நெட்டுரு. நடக்கும்போது, பல் விளக்கும்போது, கழிவறைக் கதவைத் தட்டியும்கூடக் கேட்பார்கள். கேட்டால் தெரியாது என்று சொல்லக்கூடாது. "கண்டுபிடித்துச் சொல்கிறேன் சார்" என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பின்னாளில் நான் குடித்தனமே நடத்தியிருக்கிறேன்.

என்னைத் தேர்வு செய்தவர்கள் ஒரு தப்புக் கணக்குப் போட்டிருந்தார்கள் என்று இப்போதும் சந்தேகப்படுகிறேன். மரக்காணம் என்றதும் வரைபடத்தைப் பார்த்து, கடலோரத்துப் பையன், கட்டுமரத்திலேயே பிறந்திருப்பான் என்று நினைத்திருப்பார்கள். அது மீனவர் குப்பத்துப் பிள்ளைகள். நாங்கள் உப்பளத்துக்காரர்கள். அலைக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்களுக்குக் கடல் என்றால் கால்வாய் வழியாக உள்ளே வந்து, பாத்தியில் கணுக்கால் உயரத்துக்குப் படுத்து, வெயிலில் வற்றி, வெள்ளையாக மிஞ்சுகிற ஒன்று. நைனாவும் அம்மாவும் அந்த வெள்ளையை வாரிக் குவித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில். ஆங்கிலம் எனக்கு எழுத வரும். பேச வேண்டும் என்றால் தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி ஆகிவிடும்.

நைனா இதெல்லாம் தெரியாமல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் "எம் புள்ள கப்பல் படிப்பு படிக்கிறான்" என்று சொல்லிச் சொல்லி, ஊரில் என் பெயரே கப்பல் என்று ஆகிவிட்டது. எங்கள் அம்மாவிடம் வழியில் பார்க்கிறவர்கள் "கப்பல் எப்போ வருது?" என்று கேட்பார்களாம்.

அந்தக் கப்பல் தரை தட்டியது உப்பில்தான். மேற்குக் கரையில் மழை பிடித்தால் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா, சுவர் வேர்க்கும், சட்டை காயாது. அப்படி ஓர் இரவு சாப்பாட்டில் சீனியர் "ஹௌ இஸ் தி சால்ட்?" என்றார். என் முறை. எழுந்தேன், குப்பியைப் பார்த்தேன். உப்பு நீர்விட்டுக் கசிந்து, அடியில் களி மாதிரி நின்றது. பார்க்காமல் சொல்லியிருக்கலாம். பார்த்துத் தொலைத்துவிட்டேனே! ஈர உப்பைக் காய்ந்த உப்பு என்று சொல்வது எங்கள் பக்கத்தில் பச்சைப் புளுகு. வியாபாரி வந்து கையில் அள்ளிப் பார்க்கிறபோது எவனாவது அப்படிச் சொன்னால் அப்புறம் அவன் குவியலை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என் வாயில் "ட்ரை" வரவேயில்லை. "ஹி இஸ்... ஹி இஸ் வெட், சார்" என்றேன்.

சீனியர் தன் காதை நம்பாமல் "என்ன?" என்றார். "வெட், சார். நீர்விட்டிருக்கிறது சார்." ஒரு நூற்றாண்டாக உப்பு காய்ந்துதான் இருக்கிறது, நீ வந்து அதை நனைக்கிறாயா என்று கத்தினார். குப்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் மைதானத்தைச் சுற்றினேன். திரும்பி வந்தபோது உப்பு இன்னும் ஈரமாகியிருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் புத்தி வந்திருந்தது.

அதற்கப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. யாராவது ஒரு கேள்வி கேட்டால், நன்றாகத் தெரிந்த பதில்கூட வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். முதல் வருடப் பயிற்சியின் முடிவில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து நேர்முகமாக நீலப் புத்தகத்தில் கேட்டார்கள். போர்ட் பக்கத்து விளக்கு என்ன நிறம் என்ற கேள்விக்கு நான் நின்ற நிலையைப் பார்த்து ஓர் அதிகாரி தானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தேறவில்லை. லீவு முடிந்து வந்ததும் இன்னொரு வாய்ப்பு, அதிலும் தேறாவிட்டால் பெட்டியைப் பிரிக்காமலே ஊருக்குத் திரும்பலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மரக்காணத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் நல்ல கோடை. உப்பு வாருகிற உச்சம். டீக்கடையில் நைனா எழுந்து நின்று, "தோ வந்துட்டான்பா கப்பலு!" என்று என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அதன் எடை அவருக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"திரும்பி அனுப்பிச்சிடுவாங்களா?"

"பதில் சொல்லலன்னா அனுப்பிச்சிடுவாங்க."

"உனக்கு பதில் தெரியாதா?"

"தெரியும்மா. வாய்ல வரல."

அம்மா வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு, "நைனாகிட்ட மூச்சு வுடாத. காலைல எங்கூட அளத்துக்கு வா. அந்த பொஸ்தகத்தயும் எட்தாந்துடு" என்றாள்.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. நீலப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்சம் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நீளக் கழியில் கோத்த மரப்பலகையால் பாத்தியிலிருந்து உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பது அவள் வேலை. நான் வரப்பின் மேல் நடந்துகொண்டு உரக்கச் சொல்ல வேண்டும். "கூவிச் சொல்லு. பாத்தி தாண்டி எனக்குக் கேக்கணும்."

உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வராது, கீழேயிருந்தும் வரும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொடிகளையும் பதவிகளையும் நங்கூரச் சங்கிலியின் உறுப்புகளையும் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு போனேன். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்த பாக்கியம் அக்கா முதல் நாளே பலகையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"இன்னாக்கா, உம் புள்ளைக்குப் பேய் கீய் புடிச்சிருக்குதா? தனியா பேசிக்கினு போறான்."

"ஆமாண்டி, இங்கிலீசு பேய். வேப்பிலைக்கு எறங்காது" என்றாள் அம்மா.

ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமலேயே அவள் என் தப்புகளைப் பிடித்தாள். நான் ஓர் இடத்தில் கொஞ்சம் தயங்கினால் போதும், பலகை நின்றுவிடும். "தோ, இங்க முழுங்கற. மறுக்கா சொல்லு." சொல்வேன். "இன்னும் ஒண்ணு." எத்தனை தடவை என்று கேட்டால், "எனக்கு எப்போ கை தானா இழுக்குதோ அப்போ நிறுத்திக்கோ" என்பாள். அப்படியே பழகிப்போனது. அவள் ஓர் இழுப்பு இழுக்க நான் ஒரு வரி. போர்ட் லெஃப்ட் ரெட், ஓர் இழுப்பு. ஸ்டார்போர்ட் ரைட் கிரீன், ஓர் இழுப்பு. சில நாளில் அவள் இழுக்கிற வேகத்துக்கு என் வாய் ஓட ஆரம்பித்தது. பயப்பட நேரமில்லை, அடுத்த இழுப்பு வந்துவிடுமே.

உப்புப் பாட்டையும் சொன்னேன். அதற்கு மட்டும் அர்த்தம் கேட்டாள். சொன்னதும் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மூணு வெரலு உப்புக்கா இம்மாம் மரியாத? இங்க மல மாரி கொட்டிக் கெடக்குது, ஒரு நாயி சலாம் வெச்சதில்ல."

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்து, ஈர உப்பு விவகாரத்தையும் சொன்னேன். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

"ஈர உப்ப காஞ்ச உப்புன்னு சொல்லச் சொன்னானா? எவன்டா அவன்?"

"சீனியரும்மா."

"சீனியர்னா? உப்பு தெரியாதவனா?" எழுந்து பலகையை எடுத்துக்கொண்டாள். நாலு இழுப்பு இழுத்த பிறகு, "செரி, அவனுக்குக் காஞ்சிருக்குதுன்னே சொல்லித் தொல. பாஸ் பண்ணிட்டு வா. நம்ம வூட்ல ஈரம்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

இதற்கிடையில் ஒரு விபத்து. வரப்பு சறுக்கி, நீலப் புத்தகம் பாத்தியில் விழுந்துவிட்டது. அம்மா பதறிப்போய் எடுத்து, பனையோலை மூடின உப்புக் குவியலின் மேல் விரித்துக் காயவைத்தாள். ஓலைக்கு மேல் வெயிலில் அது முறுக்கு மாதிரி விறைத்துக்கொண்டது. நடுவில் இரண்டு பக்கங்கள் உப்பு பூத்து ஒட்டிக்கொண்டன. பிரித்தால் கிழிந்துவிடும், அரசாங்கப் புத்தகம் என்று அவள் தொடவே விடவில்லை. இரண்டு பக்கம்தானே, அதிலா கேட்கப்போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். கிளம்புகிற அன்று அம்மா பஸ் வரைக்கும் வந்தாள். நைனா பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருக்க, ஜன்னலோரம் வந்து ரகசியமாக, "வாய்ல வரலன்னா கைய இழுத்துப் பாரு" என்றாள்.

மறுபடியும் அதே மூன்று அதிகாரிகள், அதே மேசை, தண்ணீர் ஜாடி தயாராக. முதல் கேள்விக்கே பதில் வாயில் வரவில்லை. வலது கையை மெதுவாக இழுத்தேன். பதில் வந்துவிட்டது! அடுத்ததற்கும் இழுத்தேன். கொடிகள், சங்கிலிகள், யார் முதலில் ஏறுவது, யார் கடைசியில் இறங்குவது, எல்லாம் ஓர் இழுப்புக்கு ஒன்றாகக் கொட்டின. ஓர் அதிகாரி எட்டிப் பார்த்து, "உன் கைக்கு என்ன ஆயிற்று?" என்றார். "கண்டுபிடித்துச் சொல்கிறேன் சார்" என்றேன். உப்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்கள். காய்ந்திருக்கிறது என்று கூசாமல் சொன்னேன். அம்மா அனுமதி கொடுத்திருந்தாளே.

முடிந்துவிட்டது என்று நினைத்தபோது நடுவில் உட்கார்ந்திருந்த நரைத்த தலை அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார். "ஓல்ட் சால்ட் என்றால் என்ன?"

பழைய உப்பு. எனக்கு ஒரே ஆச்சரியம். இதைப் போய்க் கேட்கிறாரே! இது எங்கள் ஊரில் மூக்கொழுகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. கையைக்கூட இழுக்கவில்லை. தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிச் சொன்னேன். போன கோடையில் வாரின உப்பை ஓலை போட்டு மூடி, ஒரு மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைக்க வேண்டும் சார். அதிலிருக்கிற கசப்புத் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிப்போய்விடும். மிஞ்சுவதுதான் ஓல்ட் சால்ட். ஊறுகாய்க்கு அதுதான் நல்லது சார்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். கடலில் வெகுகாலம் உழைத்துப் பழுத்த மாலுமிக்குத்தான் ஓல்ட் சால்ட் என்று பெயர், ஒட்டிக்கொண்ட அந்த இரண்டு பக்கங்களில் அது இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. நரைத்த தலைக்காரர் முகம் மாறாமல், "அப்படியானால் புது உப்பு?" என்றார்.

"கசக்கும் சார். ஒரு மழை தாங்கணும் சார்."

முதலில் சிரித்தது தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர். அப்புறம் மூவருமே சிரித்தார்கள். நான் செத்தேன் என்று நின்றேன். பெட்டி, பஸ், டீக்கடை, நைனாவின் தோள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. நரைத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான்தான் இங்கே ஓல்ட் சால்ட். எனக்குள் கசப்பு இறங்கிவிட்டதா என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். நீ போய் உன் பெட்டியைப் பிரி, நியூ சால்ட்."

நியூ சால்ட் என்ற பெயர் என்னோடு ஓய்வு பெறும் வரைக்கும் வந்தது.

அந்தச் சேதியை ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் அடுப்படியில் இருந்தாள். "பாஸா?" என்றாள். "பாஸும்மா." நைனா, நான் தேறாமல் போன கதையே தெரியாதவராக, வாசலில் யாரிடமோ கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, விளையாட்டாக, சீனியர் குரலில், "ஹௌ இஸ் தி சால்ட்?" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். உப்பு ஜாடியின் மூடியைத் திறந்து உள்ளே கையைவிட்டு விரலால் அளந்தாள். பிறகு விறைத்து நின்று, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்:

"சார், தி சால்ட்டு ஈஸு அட்டு ஈஸு போஸ்ட்டு, சார்! ஈ ஈஸு ட்ரை, ஈ ஈஸு வைட்டு..."

ஒரு சொல் விடவில்லை. நான் வரப்பில் கத்தினதையெல்லாம் என்னைவிட நன்றாக அவள் நெட்டுருப் போட்டிருந்தாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவளே தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு லீவிலும் அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. நான் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தாலும் சரி, தோளில் எத்தனை பட்டை ஏறியிருந்தாலும் சரி, முதல் சாப்பாட்டில் நான் கேட்பேன், அவள் அளந்து பார்த்துச் சொல்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, இது என்ன குடும்பம் என்று மிரண்டு போனதுண்டு. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நான் வந்தால், அம்மா ஜாடியிலிருந்து கையை எடுத்து விரலை விரலோடு தேய்த்துப் பார்த்துவிட்டு, தலையைக் கொஞ்சம் தூக்கி, "ஈ ஈஸு வெட்டு, சார்!" என்பாள். மழைக்காலத்தில் ஒருநாளும் அவள் ட்ரை என்று சொன்னதில்லை.

சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் கடற்படை அதிகாரி ஒருவனைப் பார்த்தேன், என் மகன் வயதுதான். இன்னும் உப்பைப் பற்றிக் கேட்கிறார்களா என்றேன். அவனுக்குப் புரியவில்லை. இப்போது மேசையில் காகிதப் பொட்டலம் வைத்துவிடுகிறார்களாம், ஜூனியர்களைச் சாப்பிடும்போது எழுப்பக்கூடாது என்று உத்தரவாம். நல்ல உத்தரவுதான். உப்பளத்திலும் குவியலுக்குப் பனையோலை போய் நீலப் பிளாஸ்டிக் வந்துவிட்டது. நான் கத்திக்கொண்டு நடந்த வரப்பு, ரோட்டை அகலமாக்கினபோது ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. நைனா எப்போதோ போய்ச் சேர்ந்தார், கடைசிவரை நான் ஒரே மூச்சில் தேறினவன் என்று நம்பிக்கொண்டு.

அம்மா போனது ஓர் ஐப்பசி மழையில். காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். ரசத்துக்கு உப்பு பத்தவில்லை என்று யாரோ குரல் கொடுக்க, நான்தான் அடுப்படிக்குப் போனேன். ஜாடி அதே இடத்தில், அதே மூடியோடு இருந்தது. திறந்து கையை விட்டேன். மூன்று விரல் இருந்தது. அடியில் தண்ணீர் கசிந்து நின்றது.

அடுப்படியில் யாருமில்லை. மெதுவாக, எனக்கே கேட்கிற அளவுக்கு, "ஹௌ இஸ் தி சால்ட்?" என்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். வெளியில் பந்தியில் யாரோ மறுபடியும் உப்பு கேட்டார்கள். குதிகாலைச் சேர்த்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நானே சொன்னேன்.

"ஈ ஈஸு வெட்டு, சார்."